குழந்தைத் தோட்டமும் தேயிலைத் தோட்டமும்

ஊவாவின் மலைத் தோட்டமொன்றிலே பாலர் வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர், காலை வேளைகளில் தம் பிள்ளைகளைச் சிறிது நேரம் வெளியே அழைத்துச் சென்று, செடிகொடிகளையும் பீலித் தண்ணீரையும் பறவைகளையும் காட்டி வரத் தொடங்கினார். ஒரு வாரம் கூடக் கழியவில்லை. கொழுந்துக்கூடையும் தோளுமாக ஒரு தாய் வந்து வாசலில் நின்றார்.

"மழையிலயும் வெயில்லயும் மலையில கெடக்கிறது நாங்க போதும் டீச்சர். எம்புள்ளயாச்சும் நெழல்ல ஒக்காந்து நாலு எழுத்துப் படிக்கட்டும். மண்ணுல வெளையாட இங்க எதுக்கு அனுப்பணும்? லயத்து வாசல்லயே மண்ணு கெடக்கு."

ஆசிரியைக்கு உடனே விடை கூற இயலவில்லை. எம்மைச் சந்தித்தபோது, "அந்த அம்மா சொன்னதிலே பிழை என்ன?" என்று எம்மையே திருப்பிக் கேட்டார். பிழை ஒன்றுமில்லை என்றே நாமும் கூறினோம். ஆயினும் வெளியே செல்வதை நிறுத்த வேண்டாம் என்றும் கூறினோம். இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே பொருந்தும் என்பதை இவ்வாரம் வாசகர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகின்றோம்.

முதலில் அத்தாயின் பக்கத்து நியாயத்தைக் கேட்போம். நகரத்திலே மாடி வீட்டில் வளரும் குழந்தைக்கு மரமும் மண்ணும் புதுமை. அதனால் அதன் பெற்றோர், "இயற்கையோடு கூடிய கல்வி" என்ற சொல்லைக் கேட்டவுடன் மகிழ்கின்றனர். மலையகத்துத் தாய்க்கோ வெளி என்பது வேலைத்தலம். அட்டைக்கடி, குளவிக்கொட்டு, வழுக்கும் படி, முதுகிலே கூடை, நிறுவையிலே குறைவு ஆகிய யாவும் அவருக்கு அந்த வெளியில் கிடைத்தவையே. காட்டை வெட்டிக் கோப்பியும், கோப்பி அழிந்தபின் தேயிலையும் நட்ட காலந்தொட்டு, பல தலைமுறையாக மண்ணோடு மண்ணாய் உழைத்த குடும்பத்திலே, பாடசாலைதான் மேலே செல்வதற்குரிய ஒரே ஏணியாக இருந்து வந்துள்ளது. அந்த ஏணியின் முதற்படியிலேயே பிள்ளையை மீண்டும் மண்ணிலே இறக்கிவிடுகிறார்களே என்று தாய் கலங்குவது இயல்பன்றோ?

இனி மற்றப் பக்கத்தைப் பார்ப்போம். பாலர் பள்ளிக்கு இன்று உலகெங்கும் வழங்கும் 'கிண்டர்கார்ட்டன்' என்ற பெயரை வைத்தவர் ஜெர்மனி நாட்டவராகிய பிரெடரிக் புரோபல். 1837ஆம் ஆண்டில் பாட் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் தமது பாலர் நிலையத்தைத் தொடங்கிய அவர், 1840இல் அதற்கு இப்பெயரைச் சூட்டினார். குழந்தைத் தோட்டம் என்பது அதன் பொருள். குழந்தைகளைச் செடிகளாகவும் ஆசிரியரைத் தோட்டக்காரராகவும் உவமித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. மெய்யாகவே தோட்டம் ஒன்றை அமைத்து, ஒவ்வொரு குழந்தைக்கும் சிறு பாத்தி ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார். தன் பாத்தியில் தானே விதைத்து, தானே நீரூற்றி, முளை வரும் வரையில் காத்திருத்தல் குழந்தையின் கடமை.

1914இல் இலண்டன் நகரின் டெட்போர்ட் என்னும் ஏழைப் பகுதியிலே, மார்கரெட் மக்மிலன், ரேச்சல் மக்மிலன் என்ற சகோதரிகள் திறந்தவெளிப் பாலர் பள்ளி ஒன்றை நிறுவினர். காற்றோட்டமற்ற நெருக்கமான வீடுகளில் நோயுற்று வாடிய தொழிலாளர் பிள்ளைகளுக்குச் சூரிய ஒளியும் தூய காற்றும் மலர்த் தோட்டமும் வேண்டும் என்பது அவர்கள் கருத்து. செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்காக அன்றி, உழைப்பாளர் குழந்தைகளின் உடல்நலத்திற்காகவே அந்த வெளிப்புறப் பள்ளி தோன்றியது என்பதை வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டு மலையொன்றுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த மரியா மொண்டிசோரி அம்மையார், உலக யுத்தத்தின் காரணமாக ஊர் திரும்ப இயலாமல் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1942 முதல் 1944 வரை அவர் வாழ்ந்தது கொடைக்கானலில். மலைச்சாரலின் செடிகளையும் பூச்சிகளையும் கற்களையும் குழந்தைகள் ஆராயக் கண்டு, உயிரும் மண்ணும் நீரும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைச் சிறுவயதிலேயே உணர்த்தலாம் என்னும் தமது கொள்கையை அங்கே வளர்த்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1950களில் டென்மார்க் நாட்டில், கட்டடத்தை விட்டுக் காட்டையே வகுப்பாகக் கொண்ட பாலர் பள்ளிகள் தோன்றின. பின்னர் அம்முறை ஜெர்மனி முதலிய நாடுகளுக்கும் பரவியது.

இவற்றையெல்லாம் கூறினால், "எம் பிள்ளைகள் பிறந்ததே தோட்டத்தில்தானே, அவர்களுக்கு வேறொரு குழந்தைத் தோட்டம் எதற்கு?" என்று அத்தாய் மீண்டும் கேட்கக்கூடும். இங்கேதான் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்ள வேண்டும். வாசலில் கிடக்கும் மண்ணில் குழந்தை தானே விளையாடுவது ஒன்று. அதே மண்ணைப் பெரியவர் ஒருவர் அருகிருந்து காட்டி, "நேற்று இது எப்படி இருந்தது? இன்று ஏன் ஈரமாயிருக்கிறது? இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?" என்று வினவி, குழந்தை காண்பதற்கெல்லாம் சொல் கொடுப்பது மற்றொன்று. முன்னது விளையாட்டு, அதுவும் வேண்டியதே. பின்னது கல்வி. லயத்து வாசலில் முன்னது மட்டுமே கிடைக்கின்றது. ஏனெனில், அருகிருந்து வினவ வேண்டிய தாய் அந்நேரம் மலையிலே கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறார்.

முற்காலத்தில் பிள்ளை மடுவம் என்றால், தொட்டில்கள் தொங்க ஆயாம்மா ஒருவர் காவலிருக்கும் கொட்டகை என்றே பொருள்பட்டது. இன்று அது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்னும் பெயருடன், பயிற்சி பெற்ற அலுவலரின் பொறுப்பில் நடைபெறுகின்றது. பெயர் மாறியது நல்லதே. ஆயினும், பிள்ளைகளைச் சுவருக்குள் உட்கார்த்தி, மூன்று வயதிலேயே பென்சிலைப் பிடிக்கச் செய்து, எழுத்தின் மேல் எழுத்தெழுத வைப்பதுதான் முன்னேற்றம் என்று பல இடங்களில் நினைக்கின்றோம். விரல் எலும்புகளும் தசைகளும் உறுதிப்படாத வயது அது. கல்லைப் பொறுக்கியும், தண்ணீரை ஊற்றியும், இலையைக் கிள்ளியும் பழகிய விரலே பின்னர் பென்சிலை இலகுவாகப் பிடிக்கும்.

வெளியே செல்ல வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனைக் கூறுவதற்கு மீரியபெத்தவை நினைக்க வேண்டும்.

பதுளை மாவட்டத்தில், அல்துமுல்லைப் பிரதேசத்தில், கொஸ்லந்தைக்கு அண்மையில் உள்ளது மீரியபெத்த. 'பெத்த' என்னும் சிங்களச் சொல்லுக்குக் காடு என்று பொருள். காடு போய்த் தேயிலை வந்த பின்னும் பெயரிலே காடு நின்றது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, தொடர்ந்து பெய்த மழையின் பின், மேலேயிருந்த மலைச்சரிவு பெயர்ந்து வந்து லயன் வீடுகளையும் கோயிலையும் மூடிவிட்டது. பல குடும்பங்கள் மண்ணுக்குள் மறைந்தன. பலரது உடல்கள் கிடைக்கவேயில்லை. அது பாடசாலைக்குச் செல்லும் வேளையாதலால், அதற்கு முன்னரே புறப்பட்டுச் சென்ற பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். மாலையில் திரும்பிச் செல்ல அவர்களுள் சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை.

அந்த மலை எச்சரிக்கையின்றி வீழ்ந்தது என்று கூறுவதற்கில்லை. அவ்விடம் குடியிருப்புக்கு ஏற்றதன்று என்றும், மக்களை வேறிடத்தில் குடியேற்ற வேண்டும் என்றும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும், மீண்டும் 2011இலும் எச்சரித்திருந்தது. பெயர்ந்து செல்வதற்கு நிலமும் வீடும் உரிய காலத்தில் கிடைக்கவில்லை. அனர்த்தம் நேர்ந்து இரண்டு ஆண்டுகள் சென்றபின், 2016இல், மகல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டன. முன்னரே கட்டியிருக்கக்கூடிய வீடுகள் அவை என்ற நினைப்பு இன்றும் நெஞ்சை உறுத்துகின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வீசியபோது, பதுளை உட்பட மலைநாடு மறுபடியும் மண்சரிவுகளைக் கண்டது. ஆகவே, இது முடிந்துபோன பழங்கதையன்று.

இதனை எழுதும்போதே ஒன்றை அழுத்திக் கூற விரும்புகின்றோம். மலையைக் காவல் காப்பது குழந்தையின் வேலையன்று. நிலமும் வீடும் வழியும் கொடுப்பது பெரியவர்களின் கடமை, தோட்ட நிருவாகத்தின் கடமை, அரசாங்கத்தின் கடமை. அக்கடமையில் தவறிவிட்டு, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தோம் என்று ஆறுதல் அடைவது பெரும் பாவம். ஆனால், தான் வாழும் மண்ணின் இயல்பை அறியும் உரிமை அக்குழந்தைக்கும் உண்டு. கடலோரத்துப் பிள்ளை அலையை அறிந்து வளர்வது போல, மலையகத்துப் பிள்ளை மலையை அறிந்து வளர வேண்டும்.

கடலோரம் என்றவுடன், சுமாத்திராவை அடுத்துள்ள சிமலுவே என்னும் தீவு நினைவுக்கு வருகின்றது. 1907இல் அத்தீவைப் பேரலை அழித்தது. உயிர் பிழைத்தோர் அந்நிகழ்ச்சிக்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, நிலம் அதிர்ந்து கடல் பின்வாங்கினால் உடனே மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதைத் தாலாட்டாகவும் கதையாகவும் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. நிலநடுக்கம் தோன்றிய இடத்திற்கு மிக அருகிலிருந்த சிமலுவேயில் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தும், உயிரிழந்தோர் பத்துப் பேருக்கும் குறைவே. அங்கே பாட்டிமார் சொன்ன கதையே எச்சரிக்கை மணியாயிற்று. மேட்டுக்கு ஓடினால் தப்பலாம் என்ற வசதி கடற்கரையில் உண்டு. மலையடிவாரத்தில் அவ்வளவு எளிதன்று. எனினும், சிறுவயதில் கேட்டது நூறாண்டு நிற்கும் என்பதற்கு இது சான்று.

மலையகத்துப் பாலர் வகுப்பில் என்ன செய்யலாம்? பெரும் பணச்செலவு வேண்டியதில்லை. நாம் எண்ணுவன சிலவற்றைக் கூறுகின்றோம்.

முதலாவது, மழைப் போத்தல். அடியிலிருந்து மேல்வரை ஒரே அகலமுள்ள, தட்டையான அடியுடைய கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை, கூரைத் தண்ணீரும் மரத்துத் தண்ணீரும் விழாத வெட்டவெளியில், கவிழாதபடி வைக்க வேண்டும். உள் அடியிலிருந்து 75 மில்லிமீற்றர் உயரத்தில் மஞ்சள் கோடும், 100இல் செம்மஞ்சள் கோடும், 150இல் சிவப்புக் கோடும் தீட்ட வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல், 100 பெய்தால் வெளியேற ஆயத்தமாதல், 150 பெய்தால் உடனே வெளியேறுதல் என்பது நம் நாட்டு மண்சரிவு எச்சரிக்கையில் கொள்ளும் அளவு. குழந்தைக்கு எண் தெரிய வேண்டியதில்லை. நிறம் தெரிந்தால் போதும். நாள்தோறும் ஒரே வேளையில், "இன்று தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது?" என்று கேட்டு, பார்த்தபின் ஊற்றிவிட வேண்டும். நிறமும் உயரமும் அளவும் ஒருங்கே பாடமாகின்றன. பிள்ளை வீட்டுக்குப் போய், "அம்மா, இன்னிக்கு மஞ்சளுக்குக் கிட்ட வந்திருச்சு" என்று சொல்லுமாயின், தாயும் அன்று வானத்தைப் பார்ப்பார். இந்தப் போத்தல் அதிகாரிகளின் அறிவித்தலுக்கு மாற்றன்று; அதனைக் கவனித்துக் கேட்கும் பழக்கத்திற்கு ஒரு துணை.

இரண்டாவது, இரண்டு தட்டு மண். ஒன்றில் வெறும் மண்ணையும், மற்றதில் வேரோடு பெயர்த்த புற்கரணையையும் வைத்து, இரண்டையும் ஒரே சரிவாகச் சாய்த்து, ஆணியால் துளையிட்ட தகரப்பேணியால் நீர் தெளிக்க வேண்டும். வெறும் மண்ணிலிருந்து கலங்கல் நீர் ஓடும். புல்லிலிருந்து தெளிந்த நீர் வடியும். சரிவுகளிலே மானாப்புல் நடுவது எதற்கு என்று நான்கு வயதுப் பிள்ளை அன்றே அறிந்துகொள்ளும். புல்லின் வேர் மேல்மண்ணையே காக்கும் என்பதையும், நீண்ட மழையில் நீர் ஆழத்தில் இறங்கி மலையின் பிடிப்பைத் தளர்த்தும்போது புல்லால் ஒன்றும் செய்ய இயலாது என்பதையும் பெரியவர்கள் மட்டும் மறவாதிருந்தால் போதும்.

மூன்றாவது, ஒரே வழியில் வாரம் ஒருமுறை நடை. பீலி வரையில், அல்லது கோயில் வாசல் வரையில் போதும். வழியை மாற்றாதிருப்பதே இதில் முக்கியம். அப்போதுதான் மாற்றம் கண்ணில் படும். சென்ற வாரம் நேராய் நின்ற சவுக்கு மரம் இன்றும் நேராய் நிற்கிறதா? கானில் ஓடும் தண்ணீர் தெளிவா, கலங்கலா? பீலியில் நீர் கூடிற்றா, குறைந்ததா? நிலத்திலே புதிய வெடிப்பு உண்டா? மரமும் கம்பமும் சாய்தல், நிலத்திலும் சுவரிலும் வெடிப்புக் காணுதல், ஊற்று திடீரெனத் தோன்றுதல் அல்லது வற்றுதல், தெளிந்த நீர் சேறாய் வருதல் ஆகியன மலை நகரத் தொடங்குவதற்கு அறிஞர் கூறும் அடையாளங்கள். அச்சமூட்டும் சொல் ஒன்றும் இன்றி, விளையாட்டாகவே இவற்றைக் காணும் கண் குழந்தைக்கு அமைந்துவிடும். பிள்ளை கண்டு சொன்னதை ஆசிரியை கேட்டு, உரியவர்க்கு அறிவிப்பது அவர் பொறுப்பு.

எழுத்தும் எண்ணும் எங்கே என்று கேட்கும் தாய்க்கும் விடையுண்டு. நடையிலே பொறுக்கிய விதைகளைப் பத்துப் பத்தாகப் பிரிப்பது கணிதம். தளிர், இலை, முற்றல், சருகு என்று வரிசைப்படுத்துவது மொழி. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று அம்மா கிள்ளுவதைத் தானும் எண்ணிப் பார்க்கும் பிள்ளை, தாயின் உழைப்பிலே அறிவு இருப்பதைக் காணும். மரத்தைக் காட்டித் தமிழிலே மரம் என்றும், சிங்களத்திலே 'கஹ' என்றும் சொல்லிக் கொடுத்தால், அயலூர்ப் பிள்ளையோடு பேசவும் வாய் பழகும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வறண்ட காற்று வீசுவதையும், ஒக்டோபர் பிறந்ததும் மாலையிடி முழங்குவதையும் கண்டு சொல்லும் பிள்ளைக்குப் பின்னாளில் பூமிசாத்திரம் கசக்காது.

எச்சரிக்கைகளும் சில உண்டு. இருபது பிள்ளைகளை ஒருவர் தனியே அழைத்துச் செல்லலாகாது. துணைக்கு இன்னுமொருவராவது வேண்டும். மருந்து அடித்த மலைப்பக்கம் போகவே கூடாது. குளவிக்கூடு எங்கே உண்டென்று கங்காணியிடம் முன்னரே கேட்டறிய வேண்டும். காலுக்குச் செருப்பும், திரும்பியதும் சவர்க்காரமும் தண்ணீரும், அட்டைக்கு உப்பும் ஆயத்தமாயிருக்க வேண்டும். கடுமழை நாளிலும், அதற்கு மறுநாளிலும் சரிவான பக்கம் செல்லாமல், முற்றத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மழை இரைந்தால் அழும் பிள்ளைகளும் மலையகத்தில் உண்டு. மண்சரிவைக் கண்ட குடும்பங்களில் பெரியவர்களின் அச்சம் சொல்லாமலே சிறியவர்களுக்குத் தொற்றிவிடுகிறது. அத்தகைய பிள்ளையைக் கட்டாயப்படுத்தி வெளியே இழுக்கலாகாது. ஆசிரியையின் கையைப் பற்றியபடி வாசற்படியில் நின்று பார்க்கட்டும். சில நாள் சென்றபின், மழைப் போத்தலைத் தூக்கி வரும் வேலையை அதற்கே கொடுத்துப் பார்க்கலாம். மலையை அரக்கன் என்றும் சொல்ல வேண்டாம். தெய்வம் காப்பாற்றும், ஒன்றும் ஆகாது என்று பொய்யுறுதியும் சொல்ல வேண்டாம். மலை நமக்குச் சோறு போடுகிறது, மலைக்கும் சில வேளை நோய் வரும், அப்போது நாம் தள்ளி நிற்க வேண்டும் என்று கூறினால் குழந்தைக்கு விளங்கும்.

இவையெல்லாம் ஆசிரியை ஒருவரால் மட்டும் ஆகக்கூடியன அல்ல. பிள்ளை மடுவத்தின் முன்னே வேலியிட்ட சமமான முற்றம் ஒன்றும், அந்த முற்றம் பாதுகாப்பான நிலமா என்று ஆராய்ந்த சான்றும், துணைக்கு ஓர் ஆளும், அவருக்குரிய ஊதியமும் வேண்டும். தோட்டந்தோறும் பெற்றோர் ஒன்றுகூடி இவற்றைக் கேட்பாராயின், அது தொழிற்சங்கம் கேட்கும் எந்தக் கோரிக்கைக்கும் தாழ்ந்ததன்று. "எங்கள் லயத்து நிலம் எப்படிப்பட்டது? மழை கூடினால் நாங்கள் எங்கே செல்ல வேண்டும்? அங்கே செல்லும் வழி எது?" என்னும் மூன்று கேள்விகளையும் அக்கூட்டத்திலேயே கேட்டுவிடலாம்.

அந்த ஆசிரியை எமது யோசனைப்படி ஒரு சனிக்கிழமை தாய்மாரை அழைத்து, பிள்ளைகளோடு கூடவே நடந்து வரச் செய்தார். அன்று கேள்வி கேட்ட தாயும் வந்திருந்தார். பீலியருகே அவர் மகன் நின்று, "அம்மா, தண்ணி ஏன் இன்னிக்குக் கலங்கலா வருது?" என்று கேட்டானாம். தாய் குனிந்து பார்த்தார். மேலே கான் வெட்டுகிறார்கள், அந்த மண்தான் கலந்து வருகிறது என்று விளக்கினார். மற்றப் பிள்ளைகளும் சுற்றி நின்று கேட்டனர். அன்றைய பாடத்தை நடத்தியவர் அத்தாயே என்று ஆசிரியை எமக்கு எழுதியிருக்கிறார்.

திங்கட்கிழமையும் அப்பிள்ளை வகுப்புக்கு வந்தான். கையிலே மழைப் போத்தலுக்கென்று வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய கண்ணாடிப் பாத்திரம் ஒன்று இருந்தது.